வறள் பருவத்தில் வில்லியனூரும் பாகூரும்

வில்லியனூர், பாகூர் ஆகியவை இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், புதுச்சேரி மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆகும். வில்லியனூர் புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலும், பாகூர் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலும் அமைந்துள்ளன. புதுச்சேரிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கடற்கரையையும் பிரெஞ்சுக் கட்டடங்கள் உள்ள வீதிகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். உட்பகுதிக்கு வரும் சிலரும் மழைக்குப் பின் ஏரிகள் நிறைந்திருக்கும் திசம்பர், சனவரி மாதங்களையே விரும்புவர். ஆயினும் இவ்வூர்கள் நீரை எவ்வாறு பிடித்து, தேக்கி, பகிர்ந்து வாழ்ந்தன என்பதை அறிய விரும்புவோருக்கு வறள் பருவமே ஏற்றது. நீர் நிறைந்த ஏரியில் நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். வற்றிய ஏரியில்தான் மதகும், கலிங்கும், வாய்க்காலும், அவற்றின் இன்றைய நிலையும் கண்ணுக்குப் புலப்படும்.

பருவம்

புதுச்சேரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மி.மீ. வரை ஆகும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தைப் பெரிதும் இழந்த பின்னரே இப்பகுதியை அடைவதால், சூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழையாகவே மழை கிடைக்கிறது. சனவரியில் இருந்து மே வரை உள்ள காலம் வறள் பருவம். இடையில் ஓரிரு நாள் கோடைமழை பெய்வதுண்டு. மே மாதத்தில் வரும் அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிதன்று. நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்று கரையோர ஊர்களை ஓரளவு தணிவிக்கிறது. உள்ளே செல்லச் செல்ல அது தாமதமாகவே வந்து சேரும்.

வறள் பருவம் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நைசீரியாவின் வடபகுதியில் உள்ள கானோ நகரை இதற்கு ஒப்பிடலாம். கானோ ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. வில்லியனூரும் அநேகமாக அதே அகலாங்கில்தான் உள்ளது. இரு ஊர்களிலும் ஏப்ரல் 20ஐ அடுத்த நாட்களில் ஒருமுறையும், ஆகத்து 20ஐ ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த 'நிழலில்லா நாளில்' நட்டுவைத்த கோலுக்கு நிழல் விழுவதில்லை. ஆனால் கானோ கடலிலிருந்து 800 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. அங்கே மழை சூன் முதல் செப்டம்பர் வரையே பெய்யும். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் ஒரு துளியும் விழுவதில்லை. சகாராவிலிருந்து வீசும் 'ஆர்மட்டான்' என்னும் உலர்காற்று நுண்புழுதியைச் சுமந்து வந்து வானத்தையே மங்கச் செய்யும். பகலில் உதடு வெடிக்கும், இரவில் குளிரும். வில்லியனூரிலோ அதே சனவரியில் வயலெங்கும் பனி இறங்கியிருக்கும். கானோ நனையும்போது வில்லியனூர் மழைக்குக் காத்திருக்கிறது. வில்லியனூரில் வெள்ளம் ஓடும்போது கானோ காய்ந்து கிடக்கிறது. சனவரி முதல் மே வரையான மாதங்கள் மட்டுமே இரண்டுக்கும் பொதுவான வறள் காலம் எனலாம்.

மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட வேண்டும் என்பதே இப்பகுதியின் அடிப்படைச் சிக்கல். அதற்குக் கண்ட விடையே ஏரி.

ஏரிகள்

புதுச்சேரிப் பகுதியில் 84 பாசன ஏரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது வில்லியனூரை அடுத்துள்ள ஊசுட்டேரி. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரி ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடையது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி புதுச்சேரியிலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் உள்ளன. புதுச்சேரிக்கு உட்பட்ட பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் அவ்வாறே ஆக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்தினங்கள் மார்ச்சு அளவில் திரும்பிவிடும். நீர் குறைந்து சேற்றுத் திட்டுகள் வெளிப்படும்போது நாரைகளும் கொக்குகளும் கூட்டமாக இரை தேடுவதைக் காணலாம்.

பாகூர் ஏரியின் கரைமேல் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் நடப்பவர் ஏரியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண இயலும். கரையை ஊடுருவிச் செல்லும் மதகு வழியாக நீர் வயல்களுக்குச் செல்கிறது. கொள்ளளவுக்கு மேற்பட்ட நீரை வெளியேற்றக் கலிங்கு உள்ளது. கலிங்கின் உயரமே ஏரி எவ்வளவு நீரைக் கொள்ளும் என்பதை முடிவு செய்கிறது. எனவே அதனை ஒரு கல் உயர்த்துவதும் தாழ்த்துவதும் பழைய நாளில் ஊர்ச் சண்டைக்குக் காரணமாகும். கலிங்கை உயர்த்தினால் ஆயக்கட்டுக்காரருக்கு ஆதாயம். ஏரியின் உட்புறத்தில் நிலம் வைத்திருப்போருக்குப் பயிர் மூழ்கும். மதகுக்கு அருகில் உள்ள வயலுக்கு முதலிலும் கடைமடைக்குக் கடைசியிலும் நீர் செல்வது இயல்பு. ஆகவே நீரை முறைவைத்துப் பங்கிட ஊரால் அமர்த்தப்பட்ட ஆள் ஒருவர் இருந்தார். தமிழகத்தில் அவரை நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையர் என்று வெவ்வேறு பெயர்களால் அழைத்தனர்.

பாகூர் ஏரி தன் நீரைத் தென்பெண்ணையாற்றிலிருந்து பெறுகிறது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் தொடங்கும் பங்காரு வாய்க்கால் இந்நீரைக் கொண்டு வருகிறது. பங்காரு, சிங்காரு என்னும் இரு பெண்கள் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்ததாக இப்பகுதியில் வாய்மொழிக் கதை வழங்குகிறது. புதுச்சேரி நகருக்கும் இதையொத்த கதை ஒன்று உண்டு. ஆயி என்னும் கணிகையின் ஒளி மிகுந்த மாளிகையைக் கோயில் என எண்ணிக் கிருட்டிணதேவராயர் வணங்கினாராம். உண்மை அறிந்து சினந்து வீட்டை இடிக்கச் சொல்ல, ஆயி தானே அதனை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டபோது அவள் நினைவாக எழுப்பப்பட்டதே இன்று பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். இக்கதைகளின் வரலாற்று உண்மை எதுவாயினும், இரண்டிலும் நீர் தந்தவர்கள் பெண்கள் என்பது கருதத்தக்கது.

தென்பெண்ணை கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, தமிழ்நாட்டில் சாத்தனூர் அணையைக் கடந்து, கடைசியாகப் பாகூர் பக்கம் வருகிறது. ஆகவே பாகூர் உழவரின் நீர் இரு மாநிலங்களின் தேவை போக எஞ்சியதாகும். எஞ்சுவது சில ஆண்டுகளில் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் அளவுக்கு மீறியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மிகுதியாக மழை பெய்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையிலுள்ள பாகூர் கொம்யூன் ஊர்களை மூழ்கடித்தது. ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு மழை ஒரே நாளில் பெய்தால் அதனைத் தேக்கும் ஆற்றல் எந்த ஏரிக்கும் கிடையாது. தூர் சேர்ந்த ஏரிக்கு அது இன்னும் குறைவு.

ஏரிகளைப் பேணும் பொறுப்பு காலந்தோறும் கைமாறி வந்துள்ளது. சோழர் காலத்தில் ஊர்ச்சபைகள் இதற்கெனத் தனி வாரியங்களை அமைத்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தின் தேர்வு முறையைக் கூறுவது மாணவர் பலரும் அறிந்ததே. பாகூரிலும் அக்காலத்தில் சபை இயங்கியதை அங்குள்ள மூலநாதர் கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிரெஞ்சு ஆட்சியில் ஏரிநீர் பெறும் நிலவுடைமையாளர்களைக் கொண்ட வேளாண் சங்கங்கள் பராமரிப்பில் பங்கு கொண்டன. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின் இப்பணி அரசின் பொதுப்பணித் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரார் ஏரியிலிருந்து விலகினர். 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கரையை உயர்த்துவதோடு நில்லாமல், ஒவ்வோர் ஏரிக்கும் பயனாளர் சங்கம் அமைத்து அதனிடம் பொறுப்பைத் திருப்பித் தருவதும் அதன் நோக்கமாக இருந்தது.

வற்றிய ஏரியும் பச்சை வயலும்

பாகூர் 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என அழைக்கப்படுகிறது. சம்பா அறுவடை தை மாதத்தை ஒட்டி முடிந்த பின் நவரையும், அதன் பின் கோடையில் சொர்ணவாரியும் பயிரிடப்படுகின்றன. ஆகவே வறள் பருவத்தில் வருபவர் எங்கும் வெடித்த நிலத்தையே காண்போம் என்று எண்ணி வந்தால் வியப்படைவார். ஏரியின் உட்புறத்தில் மண் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும், சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், ஆடுமாடுகள் மேயும். கரையின் மறுபுறம் நெல் பசுமையாக நிற்கும்.

இக்காட்சியே இப்பகுதியில் வறள் பருவம் கற்பிக்கும் முதன்மையான செய்தி. அந்தப் பச்சை ஏரி தந்ததன்று. ஆழ்துளைக் கிணறு தந்தது. கோடை நெல் முழுவதும் நிலத்தடி நீரை நம்பியே நிற்கிறது.

புதுச்சேரியின் நிலத்தடி அமைப்பு ஒரு காலத்தில் வியப்புக்குரியதாகக் கருதப்பட்டது. ஆற்று வண்டலுக்கு அடியில் கடலூர் மணற்கல் எனப்படும் அடுக்கும், அதற்கும் கீழே வானூர் மணற்கல் முதலிய பழைய அடுக்குகளும் உள்ளன. இவை கடலை நோக்கிச் சரிந்துள்ளன. மேற்கே உயரமான இடத்தில் மழைநீரை உட்கொள்ளும் மணற்கல், கிழக்கே களிமண் அடுக்குகளுக்கு இடையில் அழுத்தத்தோடு அந்நீரை வைத்திருந்தது. அவ்விடத்தில் துளையிட்டால் நீர் எவ்வித இறைப்பும் இன்றித் தானே மேலெழும். இதனை ஆர்ட்டீசியன் ஊற்று என்பர். 1870களின் இறுதியில் புதுச்சேரியில் இவ்வாறான கிணறுகள் தோண்டப்பட்டு நீர் பீறிட்டபோது, அண்டையில் இருந்த பிரித்தானிய அரசும் கவனித்தது. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிங் அவற்றைப் பார்வையிட்டு, சென்னைக்கும் இவ்வாறு நீர் கிடைக்குமா என ஆராய்ந்து 1880இல் குறிப்பு ஒன்றை வெளியிட்டார்.

தானே எழுந்த நீர் பின்னர் மாடு கட்டி இறைக்கும் நீராகவும், எண்ணெய் எந்திரத்தால் இறைக்கும் நீராகவும், இன்று ஆழத்தில் மூழ்கியிருக்கும் மின் மோட்டாரால் மட்டுமே எட்டக்கூடிய நீராகவும் மாறிவிட்டது. இதில் உழவரைக் குறை கூறுவது எளிது, ஆனால் பொருத்தமன்று. ஏரிநீருக்கு முறை உண்டு, காத்திருப்பு உண்டு, கடைமடைக்கு இழப்பு உண்டு. சொந்தக் கிணற்றில் இவை எதுவும் இல்லை. தனி ஒருவருக்கு ஆதாயமான இவ்வழி எல்லோரும் மேற்கொண்டபோது நீர்மட்டத்தைத் தாழ்த்தியது. நன்னீரின் அழுத்தம் குறையும் இடத்தில் கடல்நீர் உட்புகும். பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாக மாறிவருவது இதனாலேயே. ஒருமுறை உவர்ந்த மணற்கல் அடுக்கு மீண்டும் நன்னீராவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

ஏரிக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவு மறக்கப்படுவதே இதில் பெரிய இழப்பு. ஏரியில் நிற்கும் நீர் வயலுக்குப் பாய்வதோடு, மெல்லக் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளையும் ஊட்டுகிறது. 'எனக்குக் கிணறு இருக்கிறது, ஏரி எதற்கு' என்று கருதும் உழவரின் கிணற்றிலும் அந்த ஏரியின் நீர் உண்டு. தூர் வாருவதற்கு உரிய காலமும் வறள் பருவமே. வாரிய வண்டலை வயலுக்கு உரமாக இடும் வழக்கம் முன்பு இருந்தது.

நீலத்துணியும் ஆப்பிரிக்காவும்

புதுச்சேரிக்கும் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்கும் வறள் பருவத்தை முன்னிட்ட பழைய வணிகத் தொடர்பு ஒன்று இருந்தது என்பது பலர் அறியாதது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நெய்து அவுரியில் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி 'கினே' என்ற பெயரில் பிரான்சு வழியாகச் செனிகலுக்கு அனுப்பப்பட்டது. செனிகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் மூர் இன வணிகர் கருவேலம் பிசினைக் கொடுத்து அத்துணியைப் பெற்றனர். வறள் பருவத்தில், பாலையிலிருந்து உலர்காற்று வீசும் மாதங்களில்தான் அம்மரங்களின் பட்டை வெடித்துப் பிசின் கசியும். அப்பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடும் ஆலைகளுக்குத் தேவைப்பட்டது. துணியின் மதிப்பு அங்கே நிலைபெற்று, ஒரு துண்டு கினே பணம்போலவே கைமாறியது. மேலே கூறிய கானோவிலும் அவுரிச் சாயத் தொழில் புகழ்பெற்றது. அங்குள்ள கோபார் மாத்தா சாயக் குழிகள் 1498 முதல் இயங்கி வருவதாக மரபு கூறுகிறது.

காணத்தக்கவை

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேர்த்திருவிழாவுக்குப் பெயர்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் தேர்வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. இங்குள்ள தூய லூர்து அன்னை ஆலயம் 1877ஐ ஒட்டி எழுந்தது. ஈசுட்டர் திருநாளை அடுத்த நாட்களில் அதன் பெருவிழா நடைபெறும். சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருக்காஞ்சியில் மாசி மகத்தன்று பெருந்திரளானோர் கூடுவர். 2023 ஏப்ரலில் அங்கே புட்கர விழாவும் நடைபெற்றது. இவ்விழாக்கள் அனைத்தும் வறள் பருவத்தில் அமைந்திருப்பதற்கு அறுவடை முடிந்த ஓய்வும், மழைத் தொல்லை இன்மையும் காரணமாகலாம்.

வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றதாகும். இவ்வூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. களிமண் உருவங்கள் சூளைக்குப் போகுமுன் நிழலில் நன்றாக உலர வேண்டும் ஆதலால் மழையற்ற மாதங்களே இத்தொழிலுக்கு உகந்தவை.

பாகூரில் மூலநாதர் கோயில் முதன்மையானது. சோழர் கல்வெட்டுகளுடன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் (கன்னரதேவன்) கல்வெட்டுகளும் இதன் சுவர்களில் உள்ளன. பாகூரின் பழம்பெயர் வாகூர். இங்கு 1879இல் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் இருந்த கல்விச்சாலைக்கு (வித்தியாத்தானம்) மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. ஊர்களைக் கொடுப்பது என்றால் அவற்றின் விளைச்சலைக் கொடுப்பது. அக்காலத்து மாணவர் உண்ட சோறும் இவ்வட்டாரத்து நீர்ப்பாசனத்தால் விளைந்ததே.

பயணக் குறிப்புகள்

புதுச்சேரியிலிருந்து இரு ஊர்களுக்கும் நகரப் பேருந்துகள் செல்கின்றன. விழுப்புரம்–புதுச்சேரி தொடர்வண்டிப் பாதையில் (1879) வில்லியனூருக்கு நிலையம் உண்டு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணி அளவில் திறக்கப்படும் என்பதால், விடியற்காலையில் ஏரிக்கரை, பின்னர் கோயில் என வைத்துக்கொள்வது நல்லது. காலை 10 மணிக்கு மேல் கரைமேல் நடப்பது கடினம். பனைகளைத் தவிர நிழல் இராது. குடையும் குடிநீரும் உடன் இருக்க வேண்டும். வழியோரங்களில் நுங்கும் வெள்ளரியும் தர்ப்பூசணியும் விற்கப்படும். வற்றிய ஏரியின் நடுப்பகுதி மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கக்கூடும்; உள்ளூரார் நடக்கும் தடத்தை விட்டு விலகக் கூடாது.

ஏரியின் நிலையை அறிய விரும்பும் மாணவர்கள் ஒரே இடத்துக்கு இருமுறை வருவது பயனுடையது: தை மாதத்தில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. முதல் வருகையில் மதகருகே நீர் எந்தக் கல் வரை நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், மறுமுறை அதே கல்லின் அடியில் நின்று மூன்று மாதத்தில் குறைந்த நீரை ஆளுயரத்தால் அளக்கலாம். அருகிலுள்ள இறைப்புக் கொட்டகையில் கிணறு எத்தனை அடி ஆழம், முன்பு எத்தனை அடியில் நீர் இருந்தது என்று உழவரிடம் கேட்டால் பெரும்பாலும் மனமுவந்து சொல்வர்.